கூட்ட அழைப்புக்குப் பதில் ‘வின்மெயில்.டேட்’ வந்தால்?

திருவாரூரில் உங்கள் உழவர் குழுவுக்கு மின்னஞ்சலில் வந்த கூட்ட அழைப்பில் ‘வின்மெயில்.டேட்’ என்ற கோப்பு மட்டும் இருக்கிறது, தேதியைக் காணோம் என்கிறீர்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை. அனுப்பியவரின் மின்னஞ்சல் செயலியான அவுட்லுக் அழைப்பை ‘டிநெஃப்’ என்ற தன் சொந்த வடிவத்தில் மூட்டை கட்டிவிட்டது. லினக்ஸில் ‘ஒய்டிநெஃப்’ என்ற இலவச நிரல் மூட்டையைப் பிரித்து நாட்காட்டிக் கோப்பை எடுத்துத் தரும்.

அந்த நாட்காட்டிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே படிக்கலாம். கூட்டம் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் ‘டிடிஸ்டார்ட்’ வரியில் 043000 (அதாவது காலை 4.30) என்று இருந்து, கடைசியில் ‘இசட்’ ஒட்டியிருந்தால் உலகப் பொது நேரம். நம் கணக்கில் ஐந்தரை மணி நேரம் கூட்டி, காலை 10 மணி. இதைக் கவனிக்காமல் நான் ஒருமுறை மன்னார்குடியில் விடிகாலை பஸ் ஏறி, பூட்டிய கதவு முன்னால் நின்றிருக்கிறேன்.

அப்புறம், இந்த மூட்டைக்குக் காரணமான ‘ரிச் டெக்ஸ்ட்’ என்ற மின்னஞ்சல் வடிவத்தை அனுப்புகிறவரிடம் அணைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தொல்லை நின்றுவிடும்.