ஏடிபி மாத்திரை உப்பை வெளியேற்றுமா?

கேள்வி: வயது 48. காசிமேட்டில் வலை பழுது பார்க்கிறேன். பிரஷர் 150/96 இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. சிறுநீரகத்தில் உப்பை வெளியே தள்ளுவதே ஏடிபி என்ற பொருள்தான், அதை மாத்திரையாகச் சாப்பிட்டால் போதும் என்று மகன் ஒரு வீடியோ காட்டினான். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த வீடியோவில் முதல் பாதி அறிவியல், மறுபாதி வியாபாரம்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதோடு இறங்கும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோவை நெருங்கும். 99 சதவீதத்துக்கும் மேல் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்தை என்ன செய்வது என்பது சிறுநீரகத்தின் கடைசி நுண்குழாயான சேகரிப்புக் குழாயில் முடிவாகும். அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் சோடியம் நுழைய நுண்ணிய வாயில்கள் உண்டு. ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் அவற்றைத் திறக்கப் பார்க்கும். நாம் உப்பை அதிகம் சாப்பிட்டாலோ, அந்தச் செல்களே ஏடிபியைக் குழாய்க்குள் கசியவிடும். செல்லுக்குள் எரிபொருளாக இருக்கும் அதே ஏடிபிதான், வெளியே வந்ததும் பக்கத்துச் செல்களுக்குச் சேதி சொல்லும் மூலக்கூறு. அது செல்லின் மேல் சேதியை வாங்கிக்கொள்ளும் பி2ஒய்2 என்ற ஏற்பியில் ஒட்டியதும் வாயில்கள் திறப்பது குறைகிறது, உப்பு சிறுநீரோடு போகிறது. இந்த ஏற்பி இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியது.

ஆனால் இதெல்லாம் அந்தந்த இடத்திலேயே நடந்து முடிகிற வேலை. சுரந்த ஏடிபியை அங்குள்ள நொதிகளே சீக்கிரம் உடைத்துவிடும். விழுங்கும் மாத்திரையோ குடலிலும் இரத்தத்திலுமே சிதைந்துவிடும். இதே ஏற்பியைத் தூண்டும் டைகுவாஃபோசால் என்ற மருந்து ஜப்பானில் புழக்கத்தில் இருக்கிறது; அதுவும் கண் வறட்சிக்கான சொட்டு மருந்துதான், பிரஷருக்கு அல்ல. அப்புறம், இந்த ஏற்பாடு உங்கள் உடம்பிலும் இருக்கத்தானே செய்கிறது? இருந்தும் 150/96. அந்த ஏற்பாட்டின் மேல் இன்னும் உப்புச் சுமை ஏற்றுவது நியாயமில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு. கருவாட்டை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு நாள் என்று வையுங்கள். வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கட்டும். அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் கூடாது. பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறீர்கள். முதுகுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருக்கிறதா? டைக்ளோஃபெனாக் போன்றவை உடம்பில் உப்பைத் தேக்கி பிரஷரை ஏற்றும். இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள், சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள்.