கறுப்பா கிடைச்ச சுறாப் பல்லு மெகலோடானா? முதல்ல ஓரத்தைப் பாருங்க

கேள்வி: கடற்கரைச் சரளைக்கு நடுவுல கறுப்பா, முக்கோணமா ஒரு சுறாப் பல்லு கிடைச்சுது, 4 செ.மீ. இருக்கு. மெகலோடானா (அழிஞ்சுபோன ராட்சத சுறா)? எவ்ளோ பழசு? வினிகர்ல போட்டு சுத்தம் பண்ணலாமா?

பதில்: கடைசிக் கேள்விய முதல்ல முடிச்சுடலாம், வினிகர் வேண்டவே வேண்டாம். பல்லு, வேரு ரெண்டுமே கால்சியம் பாஸ்பேட்தான், ஆசிட் பட்டா அரிச்சிடும், அதுலயும் வேர் முழுக்க நுண்துளைங்கறதால அதுக்குத்தான் அடி ஜாஸ்தி. நல்ல தண்ணில சில நாள் ஊறப் போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி விட்டு, உப்பு இறங்கினதும் பழைய டூத் பிரஷ்ல மெதுவா தேய்ச்சு நிழல்ல காய வைங்க.

கலரை வச்சு வயசு சொல்றத விட்டுடுங்க. புதைஞ்சு கிடந்த மண்ணுல இருக்கற தாதுக்கள் உள்ள ஏறித்தான் அந்தக் கறுப்பு வருது, அதே வயசுப் பல்லு வேற மண்ணுல சாம்பலாவோ பழுப்பாவோ கிரீம் கலர்லகூடவோ கிடைக்கும். அலை ஒதுக்கின பல்லு எந்தப் பாறை அடுக்குலேர்ந்து வந்துச்சுன்னு தெரியாதவரை துல்லியமா வருஷம் சொல்ல முடியாது. ஆனா மெகலோடான்தான்னு உறுதியாச்சுன்னா குறைஞ்சது ஏறக்குறைய 36 லட்சம் வருஷம்னு வச்சுக்கலாம், அப்பவே அந்த இனம் அழிஞ்சு போச்சு.

சரி, உறுதி பண்றது எப்படி? சைஸை நம்பாதீங்க, குட்டி மெகலோடானுக்கும் 4 செ.மீ. பல்லு உண்டு, பெரிய வெள்ளைச் சுறாவுக்கும் உண்டு. நகத்தை ஓரத்துல மெல்ல இழுத்துப் பாருங்க. நுணுக்கமா, ஒரே சீரா அரம் மாதிரி பிடிச்சா மெகலோடான் பக்கம் போகலாம், கொரகொரன்னு ஏறுக்கு மாறா வெட்டு இருந்தா வெள்ளைச் சுறா, வழுவழுன்னு போச்சுன்னா மாக்கோ சுறா வகை (அதுலயும் அகலமா தட்டையா இருக்கற பழைய 'மாக்கோ' பல்ல இப்ப பல ஆய்வாளருங்க வெள்ளைச் சுறா வம்சத்துலதான் சேர்க்கறாங்க, அதனால பழைய லேபிள்கள அப்படியே நம்ப வேண்டாம்). இதுல ஒரு பொறி இருக்கு, அலைல உருண்ட பல்லுக்கு ஓரம் தேஞ்சு மாக்கோ மாதிரியே ஆயிடும், அதனால லென்ஸ் வச்சு வேருக்கு ஒட்டின மூலையப் பாருங்க, அங்க பெரும்பாலும் கொஞ்சமாவது வெட்டு மிஞ்சியிருக்கும்.

அடுத்தது கழுத்து. பல்லோட உள்பக்கம், அதாவது கொஞ்சம் உப்பலா இருக்கற பக்கம், பளபளப்பு முடிஞ்சு வேர் தொடங்கறதுக்கு நடுவுல வி வடிவத்துல மங்கலா ஒரு பட்டை இருக்கா? அதுக்குப் பேரு போர்லெட், மெகலோடானுக்கு இது அகலமா இருக்கும், வெள்ளைச் சுறாவுக்கு இருக்காது. என்னைக் கேட்டா ஓரம் தேஞ்ச பல்லுக்கு இதுதான் முதல் சாட்சி.

ஒல்லியா நீளமா, அடியில ரெண்டு பக்கமும் குட்டி முள்ளு இருந்தா சாண்ட் டைகர் சுறா. ஒரு பக்கமா வளைஞ்சு ஆழமா ஒரு வெட்டு விழுந்திருந்தா டைகர் சுறா.

இன்னும் தேடணும்னா புயல் அடிச்சு ஓஞ்சப்புறம், அலை இறங்குற நேரத்துல சரளை வரிசையப் பாருங்க, ஈரத்துல எனாமல் தனியா மின்னும். செங்குத்தான பாறைச் சரிவுக்கு அடியில மட்டும் நிக்காதீங்க, எப்ப இடிஞ்சு விழும்னு சொல்ல முடியாது. எடுக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துச் சட்டத்தையும் பார்த்துக்குங்க: ஃபுளோரிடாவுல அரசு நிலத்துல முதுகெலும்பு உயிர்களோட ஃபாசில் எடுக்க பர்மிட் வேணும், சுறாப் பல்லுக்கு மட்டும் விலக்கு, ஆனா எல்லா இடத்துலயும் அப்படிக் கிடையாது.