தினசரி அணிய ஓர் ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானே சாவி ஏறும்) கடிகாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மணிக்கட்டு மெல்லியது. ரோலக்ஸ் ஆய்ஸ்டர் பெர்பெச்சுவலில் 36 மில்லிமீட்டர் வாங்கலாமா, 41 வாங்கலாமா?

பதில்: 36-ஐத்தான் சொல்வேன். விட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சங்கிலியைத் தாங்கும் கொம்புகளின் நுனிகள் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டாமல் நிற்கின்றனவா என்பதை, முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி கடையிலேயே பாருங்கள். வெயில் நேரத்தில் மணிக்கட்டு சற்றே உப்பும். அப்போது கருவியின்றியே 5 மில்லிமீட்டர் தளர்த்திக்கொள்ள இதன் கொக்கியில் வசதி உண்டு.

கேள்வி: நன்றாக ஓடிய என் ஸ்விஸ் ஆட்டோமேட்டிக், திடீரென நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது. பழுதாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது; காந்தம் ஏறியிருக்கும். உள்ளே ஊசலாடும் சக்கரத்தின் மெல்லிய சுருள்வில்லில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், வில்லின் பயன்படும் நீளம் குறைந்து சக்கரம் விரைவாக அசையும். டேப்லெட் கணினியின் உறை, ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பூட்டு ஆகியவற்றின் மேல் கழற்றி வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகளில் சரியாகிவிடக்கூடிய இதற்கு, முதலிலேயே இயந்திரத்தை முழுதாகப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். புதிதாக வாங்குபவர்கள் காந்தம் ஏறாத சிலிக்கான் சுருள்வில் உள்ளதைத் தேடுவது நல்லது. 15,000 காஸ் காந்தப்புலத்தையும் தாங்கும் ஒமேகா அக்வா டெர்ராவுக்கு வழங்கப்படும் மெட்டாஸ் (ஸ்விஸ் அரசின் அளவியல் நிறுவனம்) சான்றின்படி, கடிகாரம் நாளுக்கு 5 நொடி வரை முந்தலாமே தவிரப் பிந்தக் கூடாது. கணினியும் கைப்பேசியும் சூழ வேலை செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ள சிறப்பு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் கடிகாரத்தில் நீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று பொறித்திருக்கிறது. அணிந்தபடியே குளிக்கலாமா?

பதில்: கூடாது. அது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு மட்டுமே போதுமானது. நீந்துபவர்கள் 100 மீட்டரும் நேரம் வைக்கும் குமிழ் திருகி மூடும் வகையாகவும் உள்ளதை வாங்குங்கள். எதுவானாலும் வெந்நீரும் சோப்பும் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும்.

கேள்வி: வார இறுதியில் கழற்றி வைத்தால் நின்றுவிடுகிறது. கழற்றிய கடிகாரத்தைச் சுழற்றி ஓடவைக்கும் பெட்டி தேவையா?

பதில்: தேவையில்லை, குமிழைத் திருகிச் சாவி கொடுத்து நேரம் வைத்தால் போதும். முழுதாகச் சாவி ஏறியபின் 70 மணி நேரம் ஓடும் இருப்பு உள்ள கடிகாரம், வெள்ளி மாலை கழற்றினாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். பழைய இயந்திரமானால் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே முட்கள் இருக்கும்போது தேதியை மாற்றாதீர்கள், பற்கள் உடையக்கூடும்.

கேள்வி: சங்கிலியெங்கும் கீறல்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு பாலிஷும் எஃகைச் சிறிது தேய்த்தே பளபளப்பைத் தருகிறது. கொம்புகளின் கூரிய விளிம்புகள் மழுங்கினால், மீட்பது கடினம், மறுவிற்பனை விலையும் குறையும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘பாலிஷ் வேண்டாம்’ என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.