முதலில் எஃப்ஏ, மற்ற 12 தாளும் அப்புறம்

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வீடு. அம்மா செம்பனைக்கு உரம் போடும் வேலை செய்கிறார். நான் எஸ்டிபிஎம் புகுமுகத் தேர்வில் கணக்கியல் எடுத்துத் தேறினேன். இப்போது செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லாரி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் கிளார்க். ஏசிசிஏ எனும் பிரிட்டிஷ் கணக்காளர் தகுதித் தேர்வு எழுத ஆசை. மாமாவோ, "13 பேப்பர், அத்தனையும் இங்கிலீஷ், சேர்ந்தவனெல்லாம் பாதியில் விட்டுட்டான்" என்கிறார். வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூர் போய் முழுநேரமாகப் படிக்கவா? கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது? ஐந்தாம் படிவ எஸ்பிஎம் மட்டும் முடித்த என் தோழியும் சேரலாமா?
– சுங்கை சிப்புட் வாசகி

பதில்: தங்கச்சி, மாமா சொன்னதில் பொய் இல்லை. 13 தாள்தான், எல்லாம் ஆங்கிலம்தான், பாதியில் நின்றவர்களும் ஏராளம். ஆனால் அந்த 13ஐயும் சேர்த்து எழுதச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. முதல் படியில் 3, அடுத்ததில் 6, கடைசியில் 4. ஒவ்வொரு தாளிலும் 50 மதிப்பெண் எடுத்தால் போதும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. முதல் 3 தாளையும் சட்டத் தாளின் உலகப் பதிப்பையும் உங்களுக்குத் தோதான நாளில் கணினியில் எழுதலாம், முடிவும் உடனே திரையில் வந்துவிடும். மற்ற தாள்களுக்குத்தான் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று தவணை. இது இப்போதைய கணக்கு. 2027 முதல் பாடத்திட்டத்தை மாற்றி அமைக்கப் போவதாக ஏசிசிஏ அறிவித்திருக்கிறது, அதனால் பதிவு செய்யும் அன்றைக்கு அவர்களுடைய இணையத்தளத்தில் தாள்களின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேலையை விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 13 தாளும் தேறினாலும், 36 மாத வேலை அனுபவம் காட்டினால்தான் ஏசிசிஏ உறுப்பினர் ஆக முடியும். அந்த அனுபவத்துக்குத் தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கம்பெனியில் அப்படி யாரும் இல்லாவிட்டால், இரண்டாம் படியை எட்டும்போது ஈப்போவில் ஏதாவது ஆடிட் நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கு அவசரமில்லை. இப்போதைக்கு உங்கள் மேசையே உங்களுக்குப் பாடப்புத்தகம்.

முதல் படியில் இருக்கும் எஃப்ஏ, அதாவது நிதிக் கணக்கியல் தாளைப் பாருங்கள். முன்கூட்டிக் கட்டிய செலவு, கட்ட வேண்டிய செலவு, தேய்மானம், வராக் கடன், வங்கிச் சரிக்கட்டல் என்று போகும். இதில் எது உங்கள் லாரி கம்பெனியில் இல்லை? அக்டோபர் 1ஆம் தேதி ஒரு லாரிக்கு 12 மாத இன்ஷூரன்ஸ் 2,400 ரிங்கிட் கட்டுகிறீர்கள். டிசம்பர் 31இல் கணக்கை முடித்தால் இந்த வருடத்துச் செலவு 600 மட்டும், மீதி 1,800 முன்பணமாக நிற்கும். லாரி வாங்கியது 180,000, ஐந்து வருடம் கழித்து 30,000க்குப் போகும் என்று வைத்தால் வருடத் தேய்மானம் 30,000. டிசம்பர் கடைசி வாரம் ஆலைக்குக் குலை ஏற்றிப் போன டிரிப்புகளுக்கு ஜனவரியில்தான் பில் போடுவீர்கள், ஆனாலும் அந்த வருமானம் டிசம்பருக்கு உரியது. டிரைவருக்கு டிசம்பரில் செய்த வேலைக்கு ஜனவரியில் கொடுக்கும் சம்பளமும் அப்படியே, டிசம்பர் செலவு. பட்டணத்துக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் கம்பெனி. நீங்கள் அந்த டிரைவரின் பெயரையே சொல்வீர்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. ஆட்டோகவுண்ட் மாதிரி மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்குப் பற்று வரவு கை மறந்துவிடுகிறது. பில்லைத் தட்டினால் மென்பொருளே இரண்டு பக்கமும் பதிந்துவிடும், எந்தக் கணக்கில் ஏறியது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேர்வில் கேட்பதோ அதைத்தான். அதனால் இன்றைக்கு அலுவலகத்தில் பதிந்த பத்துப் பரிவர்த்தனைகளை இரவில் ஒரு தாளில் கையால் எழுதிப் பாருங்கள்: எது பற்று, எது வரவு, வருட முடிவில் எங்கே போய் நிற்கும். ஒரு மாதம் செய்தால் எஸ்டிபிஎம்மில் படித்ததெல்லாம் திரும்பி வந்துவிடும்.

முதல் தாளாக பிடியை, அதாவது வணிகமும் தொழில்நுட்பமும் என்ற தாளை, எடுக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள், அது மனப்பாடமாகப் போகும், எளிது என்று. உங்கள் விஷயத்தில் நான் எஃப்ஏ என்பேன். கை சூடாக இருக்கும்போதே எழுதிவிடலாம். அது தேறினால், வேலைக்கும் படிப்புக்கும் நடுவே உங்களால் ஓட முடியும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்து எம்ஏ எனும் மேலாண்மைக் கணக்கியல், அப்புறம் பிடி. இரண்டாம் படிக்கு வந்ததும் எஃப்ஆர் எனும் நிதி அறிக்கைத் தாளைத் தள்ளிப் போடாதீர்கள், எஃப்ஏ மறக்கும் முன்பே எழுதுவது நல்லது. சட்டத் தாளுக்கும் வரித் தாளுக்கும் மலேசியப் பதிப்பு இருக்கிறது, நம் நாட்டுச் சட்டம், நம் நாட்டு வரி. பிஎம் (செயல்திறன் மேலாண்மை), ஏஏ (தணிக்கை) இரண்டிலும் எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறாத தவணைகளே அதிகம். அந்த இரண்டையும் ஒரே தவணையில் எடுக்காதீர்கள். ஒரு தவணையில் 4 தாள் வரை விடுவார்கள், ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு ஒன்று, நன்றாகப் பழகிய பிறகு இரண்டு, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கடைசிப் படியில் மட்டும் ஒரு கடிகாரம் ஓடும்: அதில் முதல் தாள் தேறிய நாளிலிருந்து 7 வருடத்துக்குள் மிச்சத்தையும் முடித்தாக வேண்டும்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். பாதியில் நின்றவர்கள் பெரும்பாலும் படிக்காதவர்கள் இல்லை. படித்துக்கொண்டே இருந்தவர்கள். தடிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடு போட்டு, அழகாகக் குறிப்பெழுதி, பத்தாம் பாடத்துக்கு வரும்போது முதல் பாடம் மறந்துபோய், மறுபடியும் முதல் பக்கத்துக்கே போனவர்கள். கேள்வியைத் தொடுவதற்குள் தேர்வு வந்துவிடும்.

எஃப்ஏ தாளுக்கு 2 மணி நேரம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடம் வருகிறது. முதல் பகுதியில் 2 மதிப்பெண் கேள்விகள் 35, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நிமிடம்கூட இல்லை. அதற்கு 84 நிமிடம் போனால், இரண்டாம் பகுதியில் இருக்கும் இரண்டு 15 மதிப்பெண் கணக்குகளுக்கு 36 நிமிடம் மிஞ்சும். பாடம் தெரிந்தும் தேறாமல் போவது இந்த இடத்தில்தான். ஆகவே ஒரு பாடத்தை ஒரு தடவை வாசியுங்கள், புரியாத இடத்தில் உட்கார்ந்துவிடாமல் தாண்டிப் போங்கள், அன்றைக்கே அந்தப் பாடத்தில் பத்துக் கேள்வி போடுங்கள், மணி பார்த்து. தப்பான ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதி வையுங்கள்: கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, விதி தெரியவில்லையா, கூட்டலில் பிசகா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அந்த ஒற்றை வரி நோட்டைத்தான் கடைசி வாரத்தில் புரட்ட வேண்டும், புத்தகத்தை இல்லை.

தேர்வு கணினியில் என்பதால் பயிற்சியும் கணினியில்தான் நடக்க வேண்டும். பதிவு செய்த மாணவர்களுக்கு ஏசிசிஏயே ஸ்டடி ஹப் என்ற பாடத் தளத்தையும், தேர்வுத் திரை போலவே இருக்கும் பயிற்சித் தளத்தையும் இலவசமாகத் தருகிறது. ஓப்பன்டியூஷன் தளத்தில் விரிவுரைகளும் குறிப்புகளும் காசில்லாமல் கிடைக்கும். கேள்விகளுக்கு மட்டும் பிபிபி அல்லது கப்ளானின் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். பழைய புத்தகம் வாங்கினால் எந்த வருடத்துத் தேர்வுக்கு உரியது என்று அட்டையைப் பாருங்கள், வரித் தாளுக்குப் பழைய பதிப்பு உதவவே உதவாது. தேர்வாளர்களின் அறிக்கைகளும் ஏசிசிஏ தளத்தில் இருக்கின்றன, மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். ஏனோ அதை யாரும் வாசிப்பதே இல்லை.

ஆங்கிலம். தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, மலாயில் எஸ்டிபிஎம் எழுதி, இப்போது ஆங்கிலத்தில் தேர்வு என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் 3 தாளிலும் நீங்கள் பத்தி பத்தியாக எழுத வேண்டியதில்லை, விடையைத் தேர்ந்தெடுப்பதும் எண்ணை நிரப்புவதும்தான். எழுத்து வேலை பிஎம், எஃப்ஆர், ஏஏ தாள்களில் ஆரம்பிக்கும், கடைசிப் படியில் எஸ்பிஎல் எனும் வணிகத் தலைமைத் தாளுக்குப் போனால்தான் முழுக்க முழுக்க எழுத்து. அதற்குள் உங்களுக்கு நிறைய நாள் இருக்கிறது. அந்த நாள்களில் ஒரு தோட்டக் கம்பெனியின் ஆண்டறிக்கையை வாசித்துப் பழகுங்கள். ஈப்போவில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் கேஎல்கேயின் அறிக்கை இணையத்தில் கிடைக்கும். அதில் செம்பனை மரத்தைத் தேடிப் பாருங்கள், சுவையாக இருக்கும். மரம் கட்டடம், இயந்திரத்தோடு சேர்ந்து நிலையான சொத்தில் இருக்கும். நாற்று, நடவு, காய்ப்புக்கு வரும்வரை போட்ட உரம், களை எடுத்த கூலி எல்லாம் அதன் விலையில் சேரும், அப்புறம் அது பலன் தரும் வருடங்களில் தேய்மானமாகக் கழியும். மரத்தில் தொங்கும் குலை மட்டும் வேறு கணக்கில், விற்பனைச் செலவு போக என்ன சந்தை மதிப்போ அந்த மதிப்பில். 2016க்கு முன் மரத்தையும் சந்தை மதிப்பில் காட்ட வேண்டும் என்பதே சர்வதேச விதி, பிறகுதான் இப்படிப் பிரித்தார்கள். இது எஃப்ஆர் தாளில் வரும். அம்மா இளங்கன்றுக்குப் போடும் உரம் சொத்தாகிறது, காய்க்கிற மரத்துக்குப் போடும் உரம் செலவாகிறது என்பதை நீங்கள் ஒரு தடவை வாசித்தால் போதும், மறக்காது.

காசு விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். நகை வேண்டாம். 13 தாளுக்கும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் எந்தக் கல்லூரிக்கும் இப்போது முன்பணம் கொடுக்காதீர்கள். எஃப்ஏ, எம்ஏ, பிடி மூன்றையும் வீட்டிலிருந்தே படித்து எழுதிவிட முடியும். செலவு என்பது பதிவு, வருடச் சந்தா, தேர்வுக் கட்டணம், புத்தகம். ஏசிசிஏ கட்டணங்கள் பவுண்டில் என்பதால் ரிங்கிட்டில் ஏறி இறங்கும். தவணைத் தேர்வுகளுக்கு முன்கூட்டியே பதிந்தால் கட்டணம் குறைவு. இரண்டாம் படியில் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால் தாள் தாளாகச் சேருங்கள். அப்போது இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணம் கைகொடுக்கும்: பிள்ளைகளின் மேற்படிப்புக்கு அம்மாவும், சொந்தப் படிப்புக்கு நீங்களும் அதில் உள்ள அக்காவுன் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்க வழி இருக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்தது என்பதால் சேர்வதற்கு முன்பே இபிஎஃப் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உங்கள் சம்பளம் வரி கட்டும் அளவுக்கு வந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் கணக்கியலுக்குக் கட்டும் கட்டணத்துக்கு வருடத்துக்கு 7,000 ரிங்கிட் வரை வரி விலக்கும் உண்டு.

நேரத்துக்கு, அம்மா வேலைக்குக் கிளம்ப எழும்போது நீங்களும் எழுந்துகொள்ளுங்கள். தோட்டத்து வீட்டில் அதைவிட அமைதியான நேரம் கிடைக்காது. மாலையில் டிவி, பக்கத்து வீட்டுப் பேச்சு, கோயில் மைக் எல்லாவற்றோடும் போராட முடியாது. டிசம்பர் தவணை தீபாவளிக்குச் சில வாரம் கழித்து வந்து நிற்கும், அந்த வருடம் முறுக்குச் சுடும் பொறுப்பைத் தங்கையிடமோ தம்பியிடமோ கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஏசிசிஏ முடித்தவுடனே நம் நாட்டில் கணக்காளர் என்று பலகை மாட்டிவிட முடியாது. 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி எம்ஐஏ எனும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஏசிசிஏ ஏற்கப்பட்ட தகுதி. கம்பெனிகளின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட நிதி அமைச்சின் உரிமம் தனி.

உங்கள் தோழியும் தாராளமாகச் சேரலாம். உங்களுக்கு எஸ்டிபிஎம்மில் குறைந்தது இரண்டு பாடம் முழுத் தேர்ச்சியும், எஸ்பிஎம்மில் ஆங்கிலம், கணிதம் கிரெடிட்டும் இருந்தால் நேராக ஏசிசிஏ. எஸ்பிஎம் மட்டும் உள்ளவருக்கு ஏசிசிஏயின் அடிப்படைத் தகுதித் தேர்வுகள் இருக்கின்றன, நம் ஊரில் கேட் என்று சொன்னால் தெரியும். அதன் மேல்நிலையில் அவர் எழுதப் போவதும் எஃப்ஏ, எம்ஏ, பிடிக்கு ஈடான தாள்கள்தான், முடித்தால் ஏசிசிஏயில் அந்த மூன்றும் கழிந்துவிடும். அப்படியென்றால் நீங்கள் இருவரும் ஒரே கேள்விப் புத்தகத்தை வைத்தே படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 2 மணி நேரம் மணி வைத்து எழுதி, ஒருவர் தாளை மற்றவர் திருத்துங்கள். 50க்குக் கீழே வந்தவர் அன்றைக்கு நாசி லெமாக் வாங்கட்டும்.