கொள்ளும் தவிடும் குறையாமல் போட்டும் குதிரை தேறவில்லையே, ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி: "கடலூர் பக்கம் வீட்டில் ஒரு பெட்டைக் குதிரை வைத்திருக்கிறேன். வைக்கோல், கோ-4 புல், கொள்ளு, கோதுமைத் தவிடு எல்லாம் தாராளமாகப் போடுகிறேன். ஆனாலும் உடம்பு பிடிக்கவில்லை. சில நாள் கால் தாங்கி நடக்கிறது. தீவனத்தில் என்ன மாற்ற வேண்டும்?"

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் லாயத்தில் ஓடிய பட்டியல் அப்படியே இதுதான். கறவை மாட்டுக்கு எழுதினால் நூற்றுக்கு நூறு மார்க் போடலாம். குதிரைக்கு இதுதான் வினை.

முதலில் ஒன்று. கால் தாங்குவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். குளம்பில் கல் சொருகியிருக்கலாம், லாட ஆணி இடம் மாறி ஏறியிருக்கலாம், நரம்பு பிசகியிருக்கலாம். நான் மருத்துவன் இல்லை. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அப்புறம் இதைப் படியுங்கள்.

எங்கள் வீடு ரெட்டிச்சாவடிக்கு உள்ளே தள்ளி. ஆறு கறவை, இரண்டு கிடேரி என்று எப்போதும் மாட்டு வாசனையோடு இருக்கும் வீடு. அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆசைப்பட்டு ஒரு செவலை நிற மார்வாரி இனப் பெட்டைக் குதிரையைப் பிடித்து வந்தேன். அம்மாவுக்கு அது ஏழாவது மாடு. காலையில் தவிட்டுத் தண்ணி காட்டுவார், மத்தியானம் வைக்கோல், சாயங்காலம் கொள்ளு. "மாட்டுக்கு அள்ளிப் போடுற கை, இதுக்கு மட்டும் குறைச்சா வைக்கும்?" என்பார். தவிடு மட்டும் நாளைக்கு இரண்டு கிலோ போயிருக்கும்.

ஒரு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் முன்னங்கால் தாங்கியது. இரண்டு வாரம் கழித்து அது சரியாகி, பின்னங்காலில் எதிர்ப்பக்கம். வலி கால் மாறிக் கால் மாறிப் போனது. லாடம் அடித்தவர்தான் காரணம் என்று அவரிடம் சண்டை போட்டேன். வேறொருவரை வைத்தேன், அவரிடமும் சண்டை. (இருவர் மேலும் தப்பில்லை. ஒருவரிடம் பிற்பாடு போய் மன்னிப்புக் கேட்டேன்.) அம்மா திருவந்திபுரம் மலையேறி ஹயக்ரீவரிடம் வேண்டிக்கொண்டு வந்தார். வந்தவர் குதிரைக்குத் திருநீறு பூசும்போதுதான் கவனித்தார்: "என்னடா, இவ மூஞ்சி வீங்கின மாதிரி இருக்கே?" கண்ணுக்குக் கீழே, கன்னத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் எலும்பு மேடு தட்டியிருந்தது. தொட்டால் சதை இல்லை, கெட்டியாக இருந்தது.

வந்து பார்த்த மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்ததைவிடத் தவிட்டு மூட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் கால்சியம், வலது பக்கம் பாஸ்பரஸ். அஞ்சு கிலோ வைக்கோலில் கால்சியம் 15 கிராம், பாஸ்பரஸ் 5. ஒரு கிலோ கொள்ளில் இரண்டும் ஏறக்குறைய மும்மூன்று கிராம். இரண்டு கிலோ கோதுமைத் தவிட்டில் கால்சியம் இரண்டரை கிராம்தான், பாஸ்பரஸ் 22. கூட்டினால் இடது பக்கம் 20, வலது பக்கம் 30. லேசான வேலை செய்யும் 400 கிலோ குதிரைக்கு நாளைக்குத் தேவை கால்சியம் 24 கிராம், பாஸ்பரஸ் 14. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நின்றது.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு விடாது, எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். எலும்பு வலுவிழந்து மூட்டில் வலி வரும். முக எலும்பில் கால்சியம் போன இடத்தில் நார் வளர்ந்து மேடு தட்டும். ஐரோப்பாவில் இதற்கு மில்காரர் நோய் என்றே பேர். மாவு மில் வைத்திருந்தவர்கள் மிஞ்சிய தவிட்டை எல்லாம் சொந்தக் குதிரைக்கே போட்டதால் வந்த பேர். அரிசித் தவிடு இந்த விஷயத்தில் கோதுமைத் தவிட்டைவிட மோசம். அது சீக்கிரம் சிக்கும் பிடிக்கும்.

கோ-4 புல்லை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கேட்டேன். கம்பு நேப்பியர் ரகங்களில் ஆக்சலேட் என்று ஒன்று நிறைய இருக்கிறது, அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், வைக்கோலிலும் அது உண்டு என்றார். அப்படியானால் பக்கத்துக் கொட்டகையில் அதே புல்லைத் தின்று எட்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அங்கேதான் சங்கதி இருக்கிறது. மாட்டுக்கு ஊறப்போடும் தொட்டி வாசலிலேயே இருக்கிறது. தின்றது முதலில் பெருவயிற்றில் கிடந்து ஊறும், அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், அப்புறம்தான் குடலுக்குப் போகும். குதிரைக்கு அந்தத் தொட்டி கொல்லைப்புறத்தில். சிறுகுடல் கால்சியத்தை எடுக்க வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் ஊறலே ஆரம்பிக்கிறது. கட்டிப்போட்ட கால்சியம் லத்தியோடு வெளியே போய்விடும். மாட்டுக்கு நல்லது குதிரைக்கும் நல்லது என்று நினைக்கிற வீடுகளில் குதிரை கெடுவது இப்படித்தான்.

கடலூர் முதுநகரில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "குதிரைக்குப் புல்லுதான் தம்பி சோறு. கொள்ளு ஊறுகா. நீ ஊறுகாயைச் சோறா போட்டுட்டு, சோத்தைத் தொட்டுக்க வெச்சிருக்கே" என்றார். கிராம் கணக்கு தெரியாத மனுஷர். நான் முதலிலேயே அவரிடம் போயிருக்கலாம்.

சரி, எவ்வளவு புல்? அதற்கு எடை தெரிய வேண்டும். தையற்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம் எடுங்கள், எல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை வந்துவிடும். எங்கள் செவலைக்குச் சுற்றளவு 170, நீளம் 155. 377 கிலோ வந்தது. எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, புல், வைக்கோல் மாதிரி நார்த்தீவனம் காய்ந்த கணக்கில் தினமும் போக வேண்டும். அவளுக்கு ஆறு, ஏழு கிலோ. காய்ந்த கணக்கு என்பதைக் கவனியுங்கள். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். இருபது கிலோ பச்சையை அள்ளிப் போட்டாலும் உள்ளே போவது நாலு, அஞ்சு கிலோ.

அதையும் ஒரே வேளையில் கொட்டக் கூடாது. குதிரை வயிறு சின்னது, அசை போடாது, வாந்தியும் எடுக்காது. வயிற்றில் அமிலம் மட்டும் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அதை அடக்கும் எச்சில் மென்றால்தான் ஊறும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருந்தால் புண் விழும். நாங்கள் இப்போது ஐந்து தடவையாகப் பிரித்து வைக்கிறோம், ராத்திரிப் பங்குதான் பெரியது.

எந்தப் புல்? அருகம்புல்லுக்கு ஈடு இல்லை. ஆக்சலேட் குறைவு, குதிரை விரும்பித் தின்னும். பாகூர் பக்கம் வரப்புப் புல் அறுக்கிற பெண்களிடம் சொல்லிவைத்து வாங்கிக் காயவைக்கிறோம். பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியத்துக்குக் குதிரைமசால் என்ற தீவனப்பயிர். பேரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் நம் கடற்கரைப் பக்கம் பயிரிடுபவர் குறைவு. அதன் இடத்தை இங்கே கடலைக்கொடி பிடித்துக்கொள்ளும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் கடலை பிடுங்கும் சமயத்தில் வண்டி வண்டியாகக் கிடைக்கும். காய்ந்த கொடியில் கால்சியம் நூற்றுக்கு ஒன்றை ஒட்டி இருக்கிறது. இரண்டு கிலோ போட்டால் 20 கிராம் வந்துவிடும்.

கடலைக்கொடியில் இரண்டு ஆபத்து. ஒன்று பூஞ்சணம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அதை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்த வாரம் எங்கள் கடலைக்கொடிப் போர் அடிவரை நனைந்தது. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. உள்ளே கைவிட்டால் சூடு, உதறினால் வெள்ளைத் தூசி. மொத்தத்தையும் எருக்குழியில் கொட்டினோம். நெஞ்சு எரிந்தது, ஆனால் பூஞ்சணம் பிடித்த தீவனத்தைக் குதிரை ஈரலும் தாங்காது, நுரையீரலும் தாங்காது. கடலைப் புண்ணாக்கை நான் தொடாததற்கும் இதே பயம்தான்.

இரண்டாவது மண். வேரோடு பிடுங்கிய கொடி, நம் ஊர் மணற்பாங்கு. அம்மா ஒவ்வொரு பிடியையும் துவைகல்லில் நாலு அடி அடித்து, வேர்ப்பக்கத்தை அரிவாள்மனையில் நறுக்கித் தள்ளிவிட்டுத்தான் வைக்கிறார். நறுக்கின இடத்தில் காலையில் ஒரு கைப்பிடி மண் சேர்ந்திருக்கும். இது குடலில் தங்கினால் வயிற்று வலி வந்து குதிரை புரளும், உயிருக்கே ஆபத்து. தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் கட்டுபவர்கள் தரையில் போடவே கூடாது. தொட்டியில் போடுங்கள். மாதம் ஒருமுறை, தரையில் படாத லத்தி உருண்டை ஐந்தாறை எடுத்து அகலவாய்ப் பாட்டிலில் தண்ணீரில் கரைத்து அரைமணி விட்டுப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்பூன் மணல் தங்கினாலே மருத்துவரைக் கேளுங்கள்.

கொள்ளை நான் விடவில்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று மனுஷருக்குச் சொன்னது குதிரைக்குப் பொருந்தாது, அதற்கு அது பலமான தானியம். ராத்திரி ஊறப்போட்டு, நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, முக்கால் கிலோ. பச்சையாகப் போட்டால் அதிலுள்ள புரதம் சரியாகச் செரிக்காது. கூட அரைக் கிலோ ஓட்ஸ். இரண்டையும் கலந்து காலை, மாலை பிரித்துவிடுவேன். வேலை கூடுதலான குதிரைக்கும் ஒரு வேளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தானியம் வேண்டாம். செரிக்காத மாவு பின்குடலில் போய்ப் புளித்தால் குளம்பு அழற்சி வரும். குளம்பு கொதிக்கும், குதிரை முன்னங்காலில் பாரம் போடாமல் பின்னால் சாய்ந்து நிற்கும். அப்படி நின்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டுபவர்கள் அன்றைக்கு மட்டும் தெம்புக்கு என்று நாலு கிலோ போடுவதைப் பார்த்திருக்கிறேன். மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தபோது இங்கே குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டதாக எழுதியிருக்கிறார். அன்பு கூடிப்போய்க் கெடுப்பது நமக்குப் பழைய வழக்கம் போலிருக்கிறது.

தவிடு இப்போது ஒரு கைப்பிடி, உப்பையும் மருந்தையும் மறைத்துக் கொடுக்க மட்டும். உப்பு தினம் 35 கிராம் சாதாரணக் கல்லுப்பு, கத்திரி வெயிலில் வேர்க்க வேலை வாங்கினால் இன்னும் கூட. தண்ணீர் முப்பது, நாற்பது லிட்டர் கண்ணெதிரே இருக்க வேண்டும். கடலோரத்து போர்வெல் தண்ணீர் சில இடங்களில் உப்புக் கரிக்கும், குதிரை குடிப்பதைக் குறைத்துவிடும். வாளி கணக்கு வைத்துப் பாருங்கள்.

முதல் ஆறு மாதம் மருத்துவர் சொல்படி சுண்ணாம்புக்கல் மாவு தினம் 60 கிராம் சேர்த்தோம். தீவனத்துக்கென்று விற்கிற மாவு அது. வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை, அது வாயை வேகவைத்துவிடும். மாட்டுக்கு வாங்கும் டிசிபியும் (டைகால்சியம் பாஸ்பேட்) இதற்கு மாற்று ஆகாது, அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே வருகிறது.

அறவே கூடாதவை: கோழித் தீவனம் (அதில் கலக்கும் சில மருந்துகள் குதிரை இதயத்துக்கு விஷம்), சூபாபுல் தழை (பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்), பச்சைச் சோளப் பயிர். ஆடு, மாடு தின்கிறதே என்று பார்க்காதீர்கள்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். பழையதைக் கொஞ்சம் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கூட்டி, இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் பழக நாள் வேண்டும். கூடவே பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல் கூர்மையாகி இருந்தால் எவ்வளவு போட்டாலும் பாதி மெல்லாமல் கீழே விழும். உடம்பு பிடிக்காததற்கு அதுவோ குடற்புழுவோகூட காரணமாக இருக்கலாம். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

செவலைக்குக் கால் தாங்கல் நாலு மாதத்தில் நின்றது. நல்ல குளம்பு மேலிருந்து கீழே முழுசாக வளர்ந்து இறங்க ஒரு வருஷம் பிடித்தது. முகத்து மேடு கொஞ்சம் அமுங்கியது, முழுசாகப் போகவில்லை. அம்மா இன்னமும் அதைத் தடவித் தடவிப் பார்ப்பார்.

நீங்கள் 'தாராளமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் எல்லாவற்றையும் தராசில் வைத்துக் கிலோ கணக்கில் எழுதுங்கள், டேப் அளவையும் சேர்த்துக் கீழே போடுங்கள். இடது பக்கம், வலது பக்கம் கூட்டிப் பார்த்துவிடலாம்.