கரப்பானுக்கு அடிச்ச மருந்து, பூனைக்கு ஆபத்தா?

கேள்வி: கரப்பான் தொல்லை தாங்காம ஆள் கூப்பிட்டு கிச்சன்ல மருந்து அடிச்சோம், சைபர்மெத்ரின்னு சொன்னாங்க. காலையில மேடையைத் துடைச்சதிலேருந்து கையும் கன்னமும் சுருசுருன்னு எரியுது. வீட்ல பூனையும் மீன் தொட்டியும் வேற இருக்கு. பயப்படணுமா சார்?
- வாசகி, திருச்சி

பதில்: உங்க எரிச்சலுக்கு ரொம்ப பயப்பட வேணாம்மா. சைபர்மெத்ரின் பைரெத்ராய்டு வகை, சாமந்தி இனத்துப் பூ ஒண்ணுல இயற்கையா இருக்குற பூச்சிக்கொல்லிச் சத்தைப் பார்த்து லேப்ல செஞ்சது. பூவோட சத்து வெயில் பட்டா வீணாயிடும், அதான் 1970கள்ல இங்கிலாந்து ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துல மைக்கேல் எலியட் குழு வெயிலைத் தாங்குற மாதிரி இதை உருவாக்குனாங்க. நரம்புல சோடியம் உள்ள போற வாசலை மூட விடாம இது பிடிச்சுக்கும், நரம்பு ஓயாம துடிக்கும், கரப்பான் மல்லாந்து காலை உதறுறது அதனாலதான். உங்க தோல்ல இருக்குற நரம்பு நுனியிலயும் அதேதான் நடக்குது. பெரும்பாலும் ஒரு நாள்ல அடங்கிடும். சோப்பு போட்டு பச்சைத் தண்ணில கழுவுங்க, வெந்நீர் பட்டா எரிச்சல் ஏறும். வாந்தி, மூச்சுத்திணறல், நடுக்கம்னு எது வந்தாலும் மருந்து டப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

எனக்கு உங்க பூனையை நினைச்சாதான் கவலை. நம்ம கல்லீரல் இதை உடைச்சு சிறுநீர்ல தள்ளிடும், பூனைக்கு அந்தத் திறன் ரொம்ப கம்மி, ஈரத் தரையில நடந்துட்டு பாதத்தை வேற நக்கும். எச்சில் வடியுறது, காது வெட்டி வெட்டி இழுக்குறது, உடம்பு நடுங்குறது தெரிஞ்சா உடனே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. இன்னொண்ணு, நாய்க்கு உண்ணி போக கழுத்துல விடுற சொட்டு மருந்து சிலதுல பெர்மெத்ரின் இருக்கும், இதே குடும்பம்தான், அதைப் பூனைக்குப் போட்டு உயிரே போயிருக்கு, தயவுசெஞ்சு போடாதீங்க.

மீனுக்கு இன்னும் மோசம், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கலந்தாலே செத்துடும். அடிக்கிறப்ப தொட்டியை மூடி ஏர் பம்ப்பை ஆஃப் பண்ணணும், இல்லேன்னா அது காத்தோட மருந்தையும் இழுத்து தண்ணிக்குள்ள விட்டுடும். இப்போ பாதித் தண்ணியை மாத்திடுங்க. மாப் போட்ட தண்ணியை வாய்க்கால்ல ஊத்தாதீங்க.

அடுத்த தடவை ஸ்ப்ரேயே வேணாம்மா, கீல் இடுக்குலயும் சிங்க் அடியிலயும் பொட்டு பொட்டா ஜெல் வைக்கச் சொல்லுங்க, பூனை நாக்கு எட்டாத இடமா பார்த்து.