ஏஸ்-பத்து வந்தபோது எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

கேள்வி: சனிக்கிழமை ராத்திரி செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் ஜமுக்காளம் விரித்து டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுகிறோம். காசு கிடையாது. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. சீட்டு பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பிளைண்டில் சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2. ஏஸ்-பத்து வந்தால் நான் விடுவதே இல்லை. சில சமயம் அள்ளுகிறேன், பல சமயம் பாதிக் குவியல் போய்விடுகிறது. “நீ உட்கார்ற எடத்தப் பாக்காம ஆடுற மாப்ள” என்கிறான் மச்சான். கையில் நல்ல சீட்டு இருக்கும்போது இடம் என்ன செய்துவிடும்? இன்னொன்று, கடைசியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினால் யார் எந்த பிளைண்ட் வைப்பது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை வருகிறது.
— வாசகர், செல்லூர், மதுரை

பதில்: உங்கள் மச்சான் சொன்னது சரி. ஏஸ்-பத்து எங்கே வந்தாலும் ஏஸ்-பத்துதான். ஆனால் உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச (வைப்பதா விடுவதா என்று தன் முறையில் முடிவு சொல்ல) வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வேறு வேறு ஜாதி ஏஸ்-பத்து உங்கள் கையில் இருக்கிறது. மிச்சம் 50 சீட்டு. அதில் எதிராளிக்கு இரண்டு சீட்டு விழக்கூடிய விதங்கள் 1225. இவற்றில் உங்களை மிதித்துவிடக்கூடியவை எவை? ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக் ஒவ்வொன்றும் 12 விதம், ஆக 36. கிங், குயின், ஜாக் ஜோடிகள் ஒவ்வொன்றும் 6, ஆக 18. ஒரு ஏஸும் ஒரு பத்தும் உங்களிடம் இருப்பதால் ஏஸ் ஜோடிக்கு 3 விதம், பத்து ஜோடிக்கு 3 விதம்தான் மிச்சம். மொத்தம் 60. அதாவது ஒரு ஆளிடம் இப்படிப்பட்ட கை இருக்க நூற்றுக்கு 5 வாய்ப்புகூட முழுதாக இல்லை. ஆனால் நீங்கள் முதலில் பேசும் இடத்தில் இருந்தால் பின்னால் ஐந்து பேர். அவர்களில் ஒருவரிடமாவது அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 22 சதவீதம். மற்ற எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டு, பட்டனில் (சீட்டு போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) இருக்கும் உங்களுக்குப் பின்னால் இரண்டு பிளைண்ட்கள் மட்டுமே மிச்சம் என்றால் அது ஏறத்தாழ 10 சதவீதம். அதே சீட்டுக்கு ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒன்பது பேர் ஆடும் மேசையில் முதல் ஆளாக இருந்தால் 33 சதவீதத்துக்குப் போய்விடும்.

இது முதல் பாதிதான். இடத்தின் முழு பலம் ஃபிளாப் (நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டு) விழுந்த பிறகுதான் தெரியும்.

பேசும் வரிசையை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் கடிகார முள் சுற்றும் திசையில், இடது பக்கமாகப் போகிறது. பட்டன் வைத்திருப்பவருக்கு அடுத்தவர் சின்ன பிளைண்ட், அதற்கடுத்தவர் பெரிய பிளைண்ட். ஃபிளாப்புக்கு முன் பெரிய பிளைண்டுக்கு அடுத்த ஆள் தொடங்குவார். பெரிய பிளைண்ட் கடைசியில் பேசுவார். ஃபிளாப், டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) மூன்றிலும் சின்ன பிளைண்ட் பக்கத்திலிருந்து தொடங்கி, பட்டன் கடைசியில் பேசுவார். முதல் சுற்றில் கடைசியாகப் பேசுவதால் பிளைண்ட்களுக்குத் தங்கள் இடம் நல்ல இடம் என்று தோன்றும். அடுத்த மூன்று சுற்றுகளிலும் அவர்கள்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். கொட்டைகள் பெரிதாகக் கைமாறுவதும் அந்த மூன்று சுற்றுகளில்தான்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அன்றைய மல்லிகை வரத்து தெரியாமல் முதல் ஆளாக விலை சொல்பவருக்கும், வரத்தையும் நாலு பேர் கேட்ட விலையையும் பார்த்துவிட்டுச் சொல்பவருக்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் இங்கும். ரம்மி ஆடிப் பழகியவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு முந்தின ஆள் எதைக் கழிக்கிறார் என்று பார்த்துத்தானே அவர் கையை யூகிக்கிறோம்?

உங்கள் ஏஸ்-பத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் பட்டனில் 5 கொட்டைக்கு ரெய்ஸ் செய்தீர்கள், அதாவது ஏற்றி வைத்தீர்கள். சின்ன பிளைண்ட் கவிழ்த்துவிட்டார், பெரிய பிளைண்ட் கால் செய்தார், அதாவது அதே அளவுக்குப் போட்டார். நடுவில் 11. ஃபிளாப்பில் பத்து, ஏழு, இரண்டு; மூன்று சீட்டும் வேறு வேறு ஜாதி. அவர் தட்டுகிறார் (எதுவும் வைக்காமல் முறையை விடுகிறார்), நீங்கள் 6 வைக்கிறீர்கள், அவர் கால். நடுவில் 23. டர்னில் கிங் விழுகிறது. அவர் மறுபடி தட்டுகிறார். இப்போது நீங்களும் தட்டிவிட்டு, காசில்லாமல் ரிவரைப் பார்க்கலாம். அவரிடம் கிங் இருந்தால் சேதம் குறைவு. இல்லையென்றால் ரிவரில் சின்னதாக வைத்து ஏழு ஜோடிக்காரரிடமிருந்து வாங்கலாம். பாட் (நடுவில் சேரும் குவியல்) எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

இதையே திருப்பிப் போடுங்கள். நீங்கள் பெரிய பிளைண்ட், அவர் பட்டன். கிங் விழுந்ததும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். வைத்தால் உங்களைவிடப் பெரிய கைதான் பெரும்பாலும் கால் செய்யும். தட்டினால் அவர் 15 வைப்பார், ரிவரில் 40 வைப்பார். அது கிங்கா வெறும் மிரட்டலா என்று தெரியாமல் நீங்கள் விழிக்க வேண்டியதுதான். உங்கள் பாதிக் குவியல் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்.

ஃபிளஷ்ஷுக்குக் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) காத்திருக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். கையில் இரண்டு ஹார்ட்டின், ஃபிளாப்பில் இரண்டு ஹார்ட்டின். மிச்சம் 9. அடுத்த சீட்டிலேயே வர 47-ல் 9, ஏறத்தாழ 19 சதவீதம். டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால் 35. நடுவில் 11 இருக்கிறது, நீங்கள் முதலில் தட்டினீர்கள், அவர் 5 வைத்தார். 16-ஐ ஜெயிக்க 5 போட வேண்டும். அதற்கு ஏறத்தாழ 24 சதவீத வாய்ப்பு வேண்டும், உங்களிடம் இருப்பது 19. பின்னால் பெரிதாக வாங்கிச் சரிக்கட்டலாம் என்றால் அதற்கும் இடம் குறுக்கே நிற்கும். ஹார்ட்டின் விழுந்ததும் நீங்கள் முன்வந்து வைத்தால் அவர் புரிந்துகொண்டு கவிழ்ப்பார், தட்டினால் அவரும் தட்டிவிடுவார். பட்டனில் நீங்கள் இருந்திருந்தால், அவர் தட்டியதும் நீங்களும் தட்டி அடுத்த சீட்டை இலவசமாக எடுத்திருக்கலாம்.

அப்படியானால் எங்கே எதை ஆடுவது? கையில் விழும் இரண்டு சீட்டுக்கு மொத்தம் 1326 விதம். முதலில் பேசும் இடத்தில் ஏழு ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை, ஏஸோடு கிங், குயின், ஜாக், ஒரே ஜாதி ஏஸ்-பத்து, கிங்-குயின், ஒரே ஜாதியில் கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-பத்து. இவ்வளவு போதும். எண்ணினால் 128 விதம், பத்துக்கு ஒன்று. நன்கு பழகியவர்கள் ஆறு பேர் மேசையில் இதைவிடக் கொஞ்சம் அதிகம் ஆடுவார்கள். நீங்கள் இப்போதைக்கு இதைத் தாண்ட வேண்டாம். வேறு ஜாதி ஏஸ்-பத்து இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு வலிக்கும், ஆனாலும் கவிழ்த்துவிடுங்கள்.

பட்டனில், எல்லோரும் கவிழ்த்து உங்களிடம் வந்தால், எந்த ஜோடியும், எந்த ஏஸும், பத்தும் அதற்கு மேலுமான எந்த இரண்டும், ஒரே ஜாதியில் நாலு-ஐந்திலிருந்து ஒன்பது-பத்து வரை அடுத்தடுத்த சீட்டுகளும் ஆடலாம். 390 விதம், பத்துக்கு மூன்று. நடு இடங்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. பட்டனுக்கு முந்தின இடம் கிட்டத்தட்ட பட்டன் மாதிரிதான்: நீங்கள் ரெய்ஸ் செய்து பட்டன்காரர் கவிழ்த்துவிட்டால், கடைசியில் பேசும் இடம் உங்களுக்கே வந்துவிடுகிறது.

முன் இடங்களில் ரெய்ஸ் 6 கொட்டை, பட்டனில் 5. முன்னால் யாராவது வெறுமனே 2 போட்டு நுழைந்திருந்தால் ஆளுக்கு 2 கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் அப்படி வெறுமனே 2 போட்டு நுழையாதீர்கள். பின்னால் நாலு பேர் மலிவாக உள்ளே வருவார்கள், உங்கள் ஏஸ்-பத்து எதை எதிர்த்து நிற்கிறது என்றே தெரியாது.

சின்ன பிளைண்ட்தான் இருப்பதிலேயே மோசமான இடம். “பாதி வைத்தாச்சே” என்று கால் செய்வது வீட்டு ஆட்டங்களில் நான் காணும் பெரிய ஓட்டை. வைத்த அந்த ஒரு கொட்டை இப்போது உங்களுடையதல்ல, நடுவில் கிடக்கிறது. பட்டன் 5 வைத்தால் நடுவில் 8. சின்ன பிளைண்ட் இன்னும் 4 போட வேண்டும், 33 சதவீதம் வேண்டும், அதற்கு மேல் பெரிய பிளைண்ட் வேறு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பெரிய பிளைண்டுக்கு, சின்ன பிளைண்ட் கவிழ்த்துவிட்டால், 3 போட்டால் போதும்; 27 சதவீதம். அதனால் பெரிய பிளைண்டில் பட்டனின் ரெய்ஸுக்குத் தாராளமாகக் கால் செய்யலாம். முதல் ஆள் ரெய்ஸ் செய்திருந்தால் அந்தத் தாராளம் வேண்டாம். சின்ன பிளைண்டில் ரெய்ஸ் அல்லது கவிழ்ப்பு, இரண்டே பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இடம் கிடைத்ததும் வரும் ஒரு நோயும் உண்டு. எல்லோரும் தட்டிவிட்டார்கள், ஆகவே எல்லோரிடமும் ஒன்றுமில்லை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் மிரட்டுவது. எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் அது அடிக்கடி பலிக்கும். மூன்று பேர் இருந்தால் ஒருவராவது பிடித்துக்கொள்வார், அல்லது பதுங்கியிருந்து தட்டியவர் திருப்பி அடிப்பார்.

பக்கத்தில் யார் என்பதும் பார்க்க வேண்டியது. எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் செய்பவர் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அடக்கமாக ஆடுபவர் இடப்பக்கம். ஆனால் நண்பர்கள் ஆட்டத்தில் வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. ஆரம்பத்தில் ஆளுக்கொரு சீட்டு எடுத்து இடம் பிரித்துக்கொண்டு, மணிக்கொரு முறை மாற்றுங்கள். பட்டனுக்கு ஒரு சோடா மூடி போதும், ஒவ்வொரு கைக்கும் அது ஒரு இடம் நகர வேண்டும். முறை வருமுன் சீட்டை எறிவதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். பின்னால் இருப்பவர் முன்கூட்டியே கவிழ்த்தால் முன்னால் இருப்பவருக்குச் சும்மா ஒரு தகவல் கிடைக்கிறது, பட்டனின் மதிப்பே போய்விடுகிறது.

இந்தக் கணக்கையெல்லாம் ஃபோனில் பணம் கட்டி ஆடும் இடங்களுக்கு எடுத்துப் போக வேண்டாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. புளியங்கொட்டையே நல்லது.

உங்கள் சண்டைக்கு வருவோம். இரண்டு பேர் மட்டும் மிஞ்சினால் பட்டன் வைத்திருப்பவரே சின்ன பிளைண்ட். மற்றவர் பெரிய பிளைண்ட். ஃபிளாப்புக்கு முன் பட்டன்காரர் முதலில் பேசுவார். ஃபிளாப்புக்குப் பின் மூன்று சுற்றிலும் கடைசியில் பேசுவார். மாற்றி, பட்டன் பெரிய பிளைண்டை வைத்தால் அவருக்கு எல்லாச் சுற்றிலும் கடைசிப் பேச்சு கிடைத்துவிடும், எதிரே இருப்பவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. மூன்றாவது ஆள் வெளியேறிய கையில், அடுத்து பெரிய பிளைண்ட் யாருக்கு வர வேண்டுமோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை பெரிய பிளைண்ட் வைக்கக் கூடாது. அதற்குத் தக்கபடி சோடா மூடியை நகர்த்தி வையுங்கள்.